மேல்கடல் பாக்டீரியா ஆழ்கடல் பாக்டீரியா ஆனது எப்படி?

ஆழ்கடல் பற்றிய காணொளிகளில் இரண்டு வாக்கியங்கள் தவறாமல் வரும். ஒன்று, "இரும்பையே நசுக்கும் அழுத்தத்தை இந்தக் கண்ணுக்குத் தெரியாத பாக்டீரியா தாங்கிக்கொள்கிறது." இன்னொன்று, "கோடிக்கணக்கான ஆண்டுகள் அங்கேயே இருந்ததால் அது அழுத்தத்துக்குப் பழகிவிட்டது." கேட்கும்போது ஏதோ புரிந்த மாதிரி இருக்கும். ஆனால் முதல் வாக்கியம் இயற்பியலைத் தவறாகச் சொல்கிறது, இரண்டாவது பரிணாமத்தைத் தவறாகச் சொல்கிறது. பத்தாம் வகுப்போடு உயிரியலை விட்டுவிட்டவர்களுக்கும் விளங்கும்படி இந்த இரண்டையும் சரிசெய்ய முடியும் என்று நம்புகிறேன். உண்மையில் நடப்பது இந்த இரண்டு வாக்கியங்களையும்விடப் பல மடங்கு சுவாரசியமானது.

## அழுத்தம் எதை நசுக்குகிறது, எதை நசுக்காது

கடலில் ஒவ்வொரு 10 மீட்டர் இறங்கும்போதும், நம் தலைக்கு மேலிருக்கும் மொத்தக் காற்றும் சேர்ந்து தரும் அளவுக்கு இன்னொரு பங்கு அழுத்தம் கூடுகிறது. அந்த ஒரு பங்கைத்தான் 'ஒரு வளிமண்டலம்' என்பார்கள். இந்தக் கட்டுரையில் அதையே அலகாக வைத்துக்கொள்வோம். உலகக் கடல்களின் சராசரி ஆழம் சுமார் 3,700 மீட்டர். அங்கே ஏறக்குறைய 370 வளிமண்டலம். பசிபிக் கடலில் மரியானா அகழியின் சேலஞ்சர் பள்ளம்தான் நமக்குத் தெரிந்தவரை மிக ஆழமான இடம். சுமார் 10,900 மீட்டர், கிட்டத்தட்ட 1,100 வளிமண்டலம். கூடவே குளிர். பெரும்பாலான ஆழ்கடல் நீர் 4 டிகிரி செல்சியசுக்கும் கீழேதான் இருக்கும். 1,000 மீட்டரைத் தாண்டினால் சூரிய ஒளியும் கிடையாது.

2023 ஜூனில், டைட்டானிக் கப்பலின் சிதைவுகளைப் பார்க்கப் போன டைட்டன் நீர்மூழ்கி நசுங்கி ஐந்து பேர் இறந்தது பலருக்கும் நினைவிருக்கும். அதை நசுக்கியது அழுத்தம் என்று சொல்வதைவிட அழுத்த வித்தியாசம் என்று சொல்வதே சரி. உள்ளே மனிதர்கள் மூச்சுவிட ஒரு வளிமண்டலக் காற்று. வெளியே அதைப்போலப் பல நூறு மடங்கு. ஆழ்கடல் பாக்டீரியாவுக்குள் அப்படி ஒரு காற்றறை இல்லை. உள்ளே பெரும்பகுதி தண்ணீர், வெளியேயும் தண்ணீர், இரண்டு பக்கமும் ஒரே அளவு அழுத்தம். தண்ணீரும் சுலபத்தில் சுருங்கிவிடாது. சேலஞ்சர் பள்ளத்தின் அடியில்கூட அதன் அடர்த்தி சுமார் 5 சதவீதம்தான் கூடுகிறது. ஆகவே நசுங்கிச் சப்பையாகிவிடுமோ என்ற பயம் பாக்டீரியாவுக்குப் பொருந்தாது. எஃகு போன்ற உறுதியான சுவரும் அதற்குத் தேவையில்லை.

சரி, அப்படியானால் அழுத்தத்தால் அதற்குத் தொல்லையே கிடையாதா? நிறைய உண்டு. ஆனால் அது வேறு விதமான தொல்லை.

ஒரு செல்லுக்குள் ஓயாமல் மூலக்கூறுகள் சேர்கின்றன, பிரிகின்றன, மடிகின்றன, விரிகின்றன. அந்த ஒவ்வொரு அசைவிலும் அவை பிடித்துக்கொள்ளும் இடம் துளியளவு கூடும், அல்லது குறையும். மேல்மட்டத்தில் இந்தத் துளி வித்தியாசத்துக்கு மதிப்பே இல்லை. நூற்றுக்கணக்கான வளிமண்டல அழுத்தத்தில் அதற்கு மதிப்பு வந்துவிடுகிறது. இடம் கூடுதலாகத் தேவைப்படும் அசைவுகள் சிரமமாகின்றன. இடத்தைக் குறைக்கும் அசைவுகள் சுலபமாகின்றன. அழுத்தத்தின் வேலை இவ்வளவுதான். ஆனால் செல்லின் கணக்குகள் எல்லாமே அந்தத் துளியளவுகளில் அமைந்தவை.

நம் குடலில் வாழும் ஈ. கோலை பாக்டீரியாவை ஆய்வகத்தில் அழுத்தத்துக்கு உட்படுத்தும்போது இது கண்ணெதிரே தெரிகிறது. அது மொத்தமாக ஒரே நேரத்தில் வீழ்ந்துவிடுவதில்லை. சுமார் 100 வளிமண்டலத்திலேயே நீந்தும் திறன் பாதிக்கப்படுகிறது. இன்னும் கூட்டினால் இரண்டாகப் பிரிய முடியாமல் போகிறது. உடல் மட்டும் நீண்டுகொண்டே போய், நுண்ணோக்கியில் குட்டைக் கோல்களுக்குப் பதிலாக நூலிழைகள் தெரியும். 500 வளிமண்டலத்தை நெருங்கும்போது டிஎன்ஏவை நகலெடுப்பது நிற்கிறது. 600 வாக்கில் புரதங்களைத் தயாரிப்பதும் நிற்கிறது. புரதம் என்பது செல்லின் ஏறக்குறைய எல்லா வேலைகளையும் செய்யும் மூலக்கூறு. அதைத் தயாரிக்கும் இயந்திரத்தின் பெயர் ரைபோசோம். ரைபோசோமின் பெரிய துண்டும் சின்னத் துண்டும் ஒன்று சேர்ந்தால்தான் வேலை நடக்கும். அழுத்தம் அந்தச் சேர்க்கையைப் பிரித்துவிடுகிறது.

இதுவரை பார்த்தது: அழுத்தம் பாக்டீரியாவை வெளியிலிருந்து நசுக்குவதில்லை. உள்ளே நடக்கும் வேலைகளை ஒவ்வொன்றாக நிறுத்துகிறது. எனவே ஆழத்தில் வாழ வேண்டுமானால் உறுதியான உடல் உதவாது. அந்த வேலைகள் நிற்காமல் நடக்க வழி வேண்டும்.

## ஆல்வினில் மூழ்கிய மதிய உணவு

இது வெறும் ஆய்வகக் கதை அல்ல என்பதை ஒரு விபத்து காட்டிக்கொடுத்தது. 1968 அக்டோபரில், அமெரிக்காவின் வுட்ஸ் ஹோல் கடலியல் நிறுவனத்தின் ஆல்வின் நீர்மூழ்கியை அட்லாண்டிக்கில் இறக்கும்போது கம்பிவடம் அறுந்தது. உள்ளே இருந்தவர்கள் தப்பி வெளியேறிவிட்டார்கள். திறந்த கதவோடு ஆல்வின் 1,500 மீட்டருக்கும் அதிக ஆழத்தில் போய் அமர்ந்தது. அவர்களின் மதிய உணவும் அதோடு சேர்ந்து போனது: இறைச்சி வைத்த சாண்ட்விச், ஆப்பிள், குடுவையில் சூப்.

சுமார் பத்து மாதங்கள் கழித்து ஆல்வினை மேலே இழுத்தபோது, கடல்நீரில் ஊறிப்போயிருந்த அந்த உணவு பெரும்பாலும் கெடாமல் இருந்தது. பிறகு அதைக் குளிர்பதனப் பெட்டியில், ஆழ்கடலின் அதே குளிரில் வைத்தார்கள். சில வாரங்களில் கெட்டுப்போனது. குளிர் மட்டுமே காரணமாக இருந்திருந்தால் பெட்டியிலும் அது கெடாமல் இருந்திருக்க வேண்டும். வுட்ஸ் ஹோலின் நுண்ணுயிரியலாளர் ஹோல்கர் யானாஷும் குழுவினரும் இதை 1971இல் ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டார்கள். அதன் பிறகு பல ஆண்டுகள் கடலடியில் வேண்டுமென்றே உணவுப் பொருட்களை இறக்கிச் சோதித்தார்கள்.

நாம் கவனிக்க வேண்டியது, உணவோடு சேர்ந்து மேலிருந்து போன பாக்டீரியாவும் அங்கே இருந்தது என்பதைத்தான். சாப்பாடு பக்கத்திலேயே இருக்க, அது வாழ்ந்து பெருக முடியாமல் பத்து மாதங்கள் முடங்கிக் கிடந்தது. 'அங்கேயே இருந்தால் பழகிவிடும்' என்பது உண்மையானால் அது பழகியிருக்க வேண்டும்.

அதே கடலில், அதைவிடப் பல மடங்கு ஆழத்தில் வேறு பாக்டீரியாக்கள் தாராளமாக வாழ்கின்றன. உயர் அழுத்தத்தில்தான் நன்றாக வளரும் இவற்றை 'அழுத்தவிரும்பிகள்' என்று அழைப்போம். முடங்கிப்போன பாக்டீரியாவுக்கும் அழுத்தவிரும்பிக்கும் என்னதான் வித்தியாசம்?

## தேங்காய் எண்ணெயும் நல்லெண்ணெயும்

பதிலில் ஒரு பங்கு நம் அடுப்படியிலேயே இருக்கிறது. மார்கழிக் காலையில் தேங்காய் எண்ணெய் பாட்டிலுக்குள் வெள்ளையாக உறைந்திருக்கும். பக்கத்திலேயே நிற்கும் நல்லெண்ணெய் எப்போதும் போல ஊற்றும் பதத்திலேயே இருக்கும். இரண்டும் எண்ணெய்தான், இரண்டுக்கும் ஒரே குளிர்தான். வித்தியாசம் அவற்றிலுள்ள கொழுப்பு அமிலங்களின் வடிவத்தில் இருக்கிறது. கொழுப்பு அமிலம் என்பது கரி அணுக்கள் வரிசையாகக் கோத்த ஒரு நீண்ட சங்கிலி. தேங்காய் எண்ணெயில் பெரும்பாலும் நேரான சங்கிலிகள்; இவை 'நிறைவுற்றவை'. நேராக இருப்பதால் நெருக்கமாக ஒட்டி அமைந்து உறைந்துவிடுகின்றன. நல்லெண்ணெயில் பெரும்பாலும் இடையில் மடங்கிய சங்கிலிகள், இவை 'நிறைவுறாதவை'. மடக்கு இருப்பதால் அவை அப்படி நெருங்கி அமைய முடிவதில்லை. அதனால் குளிரிலும் இளகியே இருக்கின்றன.

ஒவ்வொரு பாக்டீரியாவையும் சுற்றி 'செல் சவ்வு' என்றொரு மெல்லிய உறை உண்டு. அது இதே கொழுப்பு அமிலங்களால் ஆனது. உணவு உள்ளே வருவதும் கழிவு வெளியே போவதும் சக்தி உண்டாவதும் அந்தச் சவ்வில்தான். அது இளகிய நிலையில் இருந்தால்தான் இவை எல்லாம் நடக்கும், விறைத்துப்போனால் நின்றுவிடும்.

குளிர் சங்கிலிகளை நெருங்க வைக்கிறது. அழுத்தமும் அதையேதான் செய்கிறது. சவ்வைப் பொறுத்தவரை 1,000 வளிமண்டலம் அழுத்தம் கூடுவதும் வெப்பநிலை சுமார் 13 முதல் 21 டிகிரி வரை குறைவதும் ஏறக்குறைய ஒன்று. அதாவது, மரியானா அகழியின் அடியில் தண்ணீர் 2 டிகிரியில் இருந்தாலும், அங்குள்ள பாக்டீரியாவின் சவ்வு உறைநிலைக்குப் பத்து டிகிரிக்கும் கீழே இருப்பது போலத்தான் நடந்துகொள்ளும். தேங்காய் எண்ணெய் போன்ற சவ்வை வைத்துக்கொண்டு அங்கே ஒன்றும் செய்ய முடியாது.

எட்வர்ட் டிலாங்கும் அரிஸ்டைட்ஸ் யயானோஸும் 1985இல் வெளியிட்ட ஆய்வில், ஓர் ஆழ்கடல் பாக்டீரியாவை வெவ்வேறு அழுத்தங்களில் வளர்த்து அதன் சவ்வை அலசினார்கள். அழுத்தம் கூடக் கூட, சவ்வில் நிறைவுறாக் கொழுப்பு அமிலங்களின் பங்கும் கூடியது. பல அழுத்தவிரும்பிகள் இபிஏ, டிஹெச்ஏ போன்ற, பல மடக்குகள் கொண்ட கொழுப்பு அமிலங்களையும் தயாரிக்கின்றன. மீன் எண்ணெய் மாத்திரை டப்பாவில் ஒமேகா-3 என்று போட்டிருப்பது இவற்றைத்தான்.

இங்கே ஒரு திருப்பம் உண்டு. மடக்குகள் அதிகமுள்ள இபிஏதான் ஆழ்கடல் வாழ்வின் ரகசியம் என்று எல்லோரும் நினைப்பது இயல்பு. 1999இல் எரிக் ஆலனும் டக்ளஸ் பார்ட்லெட்டும் உள்ளிட்ட குழு அதைச் சோதித்துப் பார்த்தது. இபிஏ தயாரிக்க முடியாதபடி ஓர் ஆழ்கடல் பாக்டீரியாவின் மரபணுவைச் சிதைத்தார்கள். அது உயர் அழுத்தத்தில் எந்தக் குறையும் இல்லாமல் வளர்ந்தது! ஒரே ஒரு மடக்கு கொண்ட கொழுப்பு அமிலங்கள் குறைந்தபோதுதான் அது தடுமாறியது. பார்த்தவுடன் பொருத்தமாகத் தோன்றும் விளக்கத்தையும் சோதித்துத்தான் நம்ப வேண்டும் என்பதற்காக எனக்கு இந்த ஆய்வு மிகவும் பிடிக்கும்.

சவ்வு மட்டுமே போதாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். ரைபோசோம் பிரியாமல் இருக்க வேண்டும், நீந்த உதவும் வால் சுழல வேண்டும், புரதங்கள் வடிவம் குலையாமல் இருக்க வேண்டும். அழுத்தவிரும்பிகளில் இவை ஒவ்வொன்றிலும் சின்னச் சின்ன மாற்றங்கள் காணப்படுகின்றன. சவ்வை இங்கே விரிவாகச் சொன்னதற்குக் காரணம், அது கண்முன் நிறுத்திப் பார்க்கச் சுலபமானது, நன்றாக ஆராயப்பட்டதும்கூட.

## பழகுவது வேறு, பரிணாமம் வேறு

இப்போது இரண்டாவது வாக்கியத்துக்கு வருவோம். 'பழகிவிட்டது' என்ற சொல் இரண்டு வெவ்வேறு விஷயங்களைப் போட்டுக் குழப்புகிறது.

ஒரு தனி பாக்டீரியா, தன் வாழ்நாளுக்குள், இருக்கிற வசதிகளை மாற்றிப் பயன்படுத்தலாம். மேலே சொன்ன டிலாங், யயானோஸ் ஆய்வில் நடந்தது அதுதான். மடக்குள்ள கொழுப்பு அமிலங்களைத் தயாரிக்கும் மரபணுக்கள் அந்தப் பாக்டீரியாவிடம் முன்பே இருந்தன. அழுத்தம் கூடியபோது அது அவற்றை அதிகம் தயாரித்தது. மரபணு என்பது ஒரு புரதத்தை எப்படித் தயாரிப்பது என்று டிஎன்ஏவில் எழுதியிருக்கும் குறிப்பு. குறிப்பு மாறவில்லை, பயன்பாடுதான் மாறியது. இதை வேண்டுமானால் பழகுதல் எனலாம்.

பரிணாமத்தில் குறிப்பே மாறுகிறது. ஒவ்வொரு முறை பாக்டீரியா இரண்டாகப் பிரியும்போதும் டிஎன்ஏ முழுவதையும் நகலெடுக்கிறது. எப்போதாவது ஓர் எழுத்து பிசகும். இந்தப் பிசகுதான் 'சடுதி மாற்றம்'. அது எந்தத் தேவையையும் பார்த்து வருவதில்லை. ஆழ்கடலுக்குப் போகிறோமே, சவ்வை இளக்கிக்கொள்வோம் என்று எந்த டிஎன்ஏவும் திட்டமிடாது. பெரும்பாலான பிசகுகளால் ஒரு பயனும் இல்லை, சில ஆளையே கொல்லும், மிகச் சில மட்டும் தற்செயலாக உதவும். அப்படி உதவி கிடைத்த செல் மற்றவற்றைவிடச் சற்று வேகமாகப் பெருகும். அதன் வாரிசுகளும் அதே மாற்றத்தோடு பெருகும். சில நூறு தலைமுறைகளில் கூட்டம் முழுவதும் அதன் வாரிசுகளாக ஆகிவிடலாம். இதுதான் 'இயற்கைத் தேர்வு'. மாறுவது தனி பாக்டீரியா அல்ல, கூட்டத்தில் யார் மிஞ்சுகிறார்கள் என்பது.

இதற்குக் கோடிக்கணக்கான ஆண்டுகள் வேண்டும் என்பதும் எப்போதும் சரியல்ல. பார்ட்லெட்டின் குழு ஸ்கிரிப்ஸ் கடலியல் நிறுவனத்தில் ஒரு சோதனை நடத்தியது. அழுத்தத்துக்குக் கொஞ்சமும் ஏற்றதல்லாத நம் குடல்வாசி ஈ. கோலையை எடுத்து, அழுத்தத்தில் வளர்த்து, தப்பிப் பெருகியவற்றை மறுபடி இன்னும் கூடுதல் அழுத்தத்தில் வளர்த்து, இப்படியே தொடர்ந்தார்கள். சுமார் 500 தலைமுறைகள் கழித்து, மூல பாக்டீரியாவால் வளரவே முடியாத 600 வளிமண்டல அழுத்தத்தில் வளரக்கூடிய ஒரு வகை கிடைத்தது. அதன் சவ்வைப் பார்த்தார்கள். நிறைவுறாக் கொழுப்பு அமிலங்களின் அளவும், அவற்றைக் கட்டுப்படுத்தும் விதமும் மாறியிருந்தன. டிஎன்ஏவைப் படித்தபோது, கொழுப்பு அமிலங்களைக் கட்டும்போது அவற்றைச் சுமந்து செல்லும் புரதத்தின் மரபணுவில் ஒரு சடுதி மாற்றம் இருந்தது.

கடலையே பார்த்திராத ஒரு பாக்டீரியா. யாரும் அதன் மரபணுவில் கைவைக்கவில்லை. ஆழ்கடல் பாக்டீரியாக்கள் எந்த இடத்தில் மாறியிருக்கின்றனவோ, அதே இடத்தில்தான் இதுவும் மாறியது. பரிணாமம் பற்றி எனக்குத் தெரிந்த மிகத் தெளிவான செய்முறை விளக்கங்களில் இது ஒன்று.

சுருக்கமாக: இருக்கும் மரபணுக்களைக் கூட்டிக் குறைத்துப் பயன்படுத்துவது பழகுதல். மரபணுவே மாறி, மாறியவை மட்டும் மிஞ்சுவது பரிணாமம். ஆழ்கடல் பாக்டீரியாவிடம் இரண்டும் உண்டு. பழகும் வசதியே பரிணாமத்தில் வந்ததுதான்.

## ஒரே இனம், இரண்டு வீடு

ஆய்வகம் சரி, இயற்கையில்? அதற்கு நல்ல சாட்சி ஃபோட்டோபாக்டீரியம் புரொஃபண்டம் என்ற பாக்டீரியா. இதன் ஒரு வகைக்கு எஸ்எஸ்9 என்று பெயர். பிலிப்பைன்சை ஒட்டிய சுலு கடலில், சுமார் 2,550 மீட்டர் ஆழத்தில், ஆம்ஃபிபாட் எனப்படும் இறால் போன்ற சிறு பிராணியின் உடலிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டது. 280 வளிமண்டலத்தில் மிக நன்றாக வளர்கிறது. சாதாரண அழுத்தத்திலும் பரவாயில்லாமல் வளரும் என்பதால் ஆய்வாளர்களுக்கு இது வரப்பிரசாதம். இல்லாவிட்டால் ஒவ்வொரு சின்னச் சோதனைக்கும் கனமான எஃகு அழுத்தக்கலன்களோடு போராட வேண்டும். இதன் முழு மரபணுத் தொகுதியும் 2005இல் வெளியானது.

இதே இனத்தின் இன்னொரு வகை 3டிசிகே. கலிஃபோர்னியாவின் சான் டியேகோ விரிகுடாவில், ஆழமில்லாத தண்ணீரில் கிடைத்தது. அதற்கு நம் மேல்மட்ட அழுத்தமே உகந்தது. இரண்டின் டிஎன்ஏவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், ஆழம் எதைச் சேர்த்தது, எதை எடுத்துக்கொண்டது என்று தெரிந்துவிடும்.

எஸ்எஸ்9இடம் உள்ள ஒரு ஏற்பாட்டை மட்டும் இங்கே கிட்டத்தில் பார்க்கலாம். அதன் வெளிச்சவ்வில் உணவு நுழைவதற்கான துளைப் புரதங்கள் இருக்கின்றன. சாதாரண அழுத்தத்தில் அது ஓம்ப்-எல் என்ற துளையை அதிகம் வைக்கிறது. அழுத்தம் 280ஐ எட்டினால் அதைக் குறைத்துவிட்டு ஓம்ப்-ஹெச் என்ற வேறொரு துளையை வைக்கிறது. எது எப்போது என்று தீர்மானிப்பது டாக்ஸ்ஆர் என்ற புரதம். அது சவ்வுக்குள்ளேயே பதிந்திருக்கிறது. இந்த டாக்ஸ்ஆர் மருத்துவர்களுக்கு நெடுநாள் பரிச்சயம். காலரா பாக்டீரியாவிலும் இது உண்டு. அங்கே, மனித உடலுக்குள் நுழைந்ததும் நோயுண்டாக்கும் மரபணுக்களை முடுக்கிவிடுவதில் இதற்குப் பங்கிருக்கிறது. இரண்டு பாக்டீரியாக்களும் தூரத்து உறவினர்கள். ஒரே பரம்பரைச் சொத்தை ஒருவர் குடலை உணரவும் மற்றவர் ஆழத்தை உணரவும் பயன்படுத்துகிறார்கள். பரிணாமம் புதிதாக எதையும் வரைந்து உருவாக்குவதைவிட, கையில் இருப்பதைத் திருத்திக்கொள்வதே அதிகம்.

இழப்பு இதைவிடச் சுவையானது. சூரிய ஒளியிலுள்ள புற ஊதாக் கதிர்கள் டிஎன்ஏவைச் சேதப்படுத்தும். மேல்மட்ட வகையான 3டிசிகேயிடம் அந்தச் சேதத்தை ஒளியின் உதவியாலேயே சரிசெய்யும் ஃபோட்டோலயேஸ் என்ற புரதத்தின் மரபணு இருக்கிறது. ஆழ்கடல் வகையான எஸ்எஸ்9இடம் அது இல்லை. நியாயம்தானே? வெயிலே படாத இடத்தில் அந்த மரபணு பிசகினாலும், அறுந்து போனாலும் யாருக்கும் நஷ்டமில்லை. இயற்கைத் தேர்வு அதைக் காப்பாற்ற முன்வராது. ஆழத்துக்கு ஏற்றதாக ஆவது என்றால் திறமைகளைச் சேர்த்துக்கொண்டே போவது என்று நினைக்கிறோம். கைவிடுவதும் அதில் சரிபாதி.

2014இல் வெளியான ஆய்வில், 3டிசிகேயின் அந்த மரபணுக்களை எஸ்எஸ்9க்குள் செலுத்திப் பார்த்தார்கள். ஒளியால் பழுது நீக்கும் திறன் அதற்கு வந்துவிட்டது. இயற்கையிலும் பாக்டீரியாக்கள் தாய்-சேய் வழியில் மட்டுமல்லாமல், பக்கத்திலிருக்கும் வேறொரு செல்லிடமிருந்தும், வைரஸ்கள் வழியாகவும் மரபணுக்களைப் பெறுகின்றன. இதை 'மரபணுக் கைமாற்றம்' எனலாம். ஓரெழுத்துப் பிசகுக்காகக் காத்திருக்காமல், வேலை செய்யும் ஒரு மரபணு முழுசாக வந்து சேர்ந்தால் புதிய ஆழத்தில் குடியேறுவது எவ்வளவு விரைவாகும் என்று யோசித்துப் பாருங்கள்.

## கீழே போனது யார்?

கடலின் மேல்மட்டத்திலிருந்து அடிக்கு ஓயாமல் ஒரு தூறல் இறங்கிக்கொண்டிருக்கிறது. செத்த மிதவையுயிர்கள், மீன்களின் கழிவு, சளி போன்ற துணுக்குகள். கடலியலாளர்கள் இதைக் கடற்பனி என்கிறார்கள். ஒவ்வொரு துணுக்கிலும் மேல்மட்ட பாக்டீரியாக்கள் ஒட்டிக்கொண்டு பயணம் செய்கின்றன. ஆகவே ஆழத்துக்குப் புது ஆட்கள் வருவது என்றும் நின்றதில்லை. அவர்களில் பெரும்பாலோர் ஆல்வின் சாண்ட்விச்சிலிருந்த பாக்டீரியாவைப் போல முடங்கிவிடுவார்கள்.

யார் முடங்காமல் இருந்திருப்பார்கள்? ஆய்வகத்தில் நன்கு அறியப்பட்ட அழுத்தவிரும்பிகள் பல, கோல்வெல்லியா, மோரிடெல்லா, ஷெவனெல்லா, சைக்ரோமோனாஸ், ஃபோட்டோபாக்டீரியம் போன்ற சில பேரினங்களுக்குள் அடங்குகின்றன. இதே பேரினங்களில், ஆர்க்டிக், அண்டார்க்டிக் போன்ற குளிர்ந்த கடல்களில் வாழும் உறவினர்களும் இருக்கின்றன. குளிரும் அழுத்தமும் சவ்வை ஒரே மாதிரி விறைக்க வைக்கின்றன என்று பார்த்தோம் அல்லவா? ஏற்கெனவே குளிருக்காகச் சவ்வை இளக்கி வைத்திருந்த பாக்டீரியாவுக்கு ஆழத்தின் முதல் தடை பாதி தாண்டியது போலத்தான். துருவக் கடல்களில் குளிர்ந்து கனத்த நீர் மூழ்கி உலகக் கடலடி முழுக்கப் பரவுகிறது என்பதையும் சேர்த்துப் பார்த்தால், குளிர்க்கடல் பாக்டீரியாக்களே ஆழ்கடல் வம்சங்கள் சிலவற்றின் முன்னோர்களாக இருந்திருக்கலாம் என்ற கருத்து எனக்கு மிகவும் நியாயமாகப் படுகிறது.

இன்னொன்று: அழுத்தவிரும்பிகள் எல்லாம் ஒரே வம்சம் அல்ல. தனித்தனிக் கிளைகளில், தனித்தனியாக ஆழத்துக்குப் போனவை. எனவே 'ஆழ்கடல் மரபணு' என்று ஒரே ஒரு சாவியைத் தேடினால் கிடைக்காது.

## இனி மேலே வர முடியாதவை

எஸ்எஸ்9 இரண்டு உலகிலும் சமாளிக்கும். அகழிகளின் அடியில் வாழும் சில அப்படியல்ல. 1981இல் யயானோஸும் குழுவினரும் மரியானா அகழியில் 10,476 மீட்டரிலிருந்து குளிர் காக்கும் பொறியில் மேலே கொண்டுவந்த ஓர் ஆம்ஃபிபாடிலிருந்து எம்டி41 என்ற பாக்டீரியாவைப் பிரித்தார்கள். 2 டிகிரி குளிரில், அழுத்தம் 380 வளிமண்டலத்துக்குப் பக்கத்தில் குறைந்தாலே அது வளரவில்லை. நாம் மூச்சுவிடும் இந்த அழுத்தத்தில் அதற்கு வாழ்வில்லை.

இதை வைத்து, "மேலே கொண்டுவந்தால் வெடித்துவிடும்" என்று சிலர் சொல்வதுண்டு. அது தவறு. வெடிக்க உள்ளே அடைபட்ட காற்று இல்லை. மேலே வந்த பயணத்தில் எம்டி41 அழுத்தம் முழுவதையும் இழந்தது, ஆனாலும் உயிரோடு இருந்தது. அதனால்தான் அதைத் திரும்ப அழுத்தத்தில் வைத்து வளர்க்க முடிந்தது. அழுத்தமில்லாமல் நீண்ட நேரம் வைத்திருந்தால்தான் படிப்படியாகச் சாகிறது. உயர் அழுத்தத்தில் சரியாக இளகியிருந்த சவ்வும் புரதங்களும் அழுத்தம் விலகியதும் அளவுக்கு மீறித் தளர்ந்துபோகின்றன என்று புரிந்துகொண்டால் போதும்.

எம்டி41 பற்றிய இன்னொரு விவரம் எனக்கு ரொம்ப முக்கியமாகப் படுகிறது. அது மிக வேகமாக வளர்ந்தது சுமார் 690 வளிமண்டலத்தில். அங்கே 25 மணி நேரத்துக்கு ஒரு முறை இரட்டித்தது. ஆனால் அது வாழ்ந்த ஆழத்தின் அழுத்தம் ஆயிரத்துக்கும் மேல். அங்கே இரட்டிக்க சுமார் 33 மணி நேரம் எடுத்தது. அதாவது, அதன் சொந்த வீடே அதற்கு மிக உகந்த இடம் அல்ல! பரிணாமம் ஒவ்வோர் உயிரையும் அதனதன் இடத்துக்கு அச்சுப் பிசகாமல் பொருத்திவிடுகிறது என்று நினைப்பவர்களுக்கு இது நல்ல பதில். பக்கத்தில் இருப்பவரைவிடக் கொஞ்சம் மேலாக இருந்தால் போதும், இயற்கைத் தேர்வு அதற்கு மேல் எதையும் கேட்பதில்லை. பின்னாளில் சேலஞ்சர் பள்ளத்து ஆம்ஃபிபாடிலிருந்தே கிடைத்த கோல்வெல்லியா மரினிமானியே என்ற பாக்டீரியா 1,200 வளிமண்டலத்தை ஒட்டி மிக நன்றாக வளர்கிறது என்று 2017இல் அறிவித்தார்கள். பூமியின் கடலில் எங்குமே அவ்வளவு அழுத்தம் கிடையாது. இங்கேயும் பொருத்தம் அச்சாக இல்லை, மறுபக்கம் சாய்ந்திருக்கிறது.

ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். எஸ்எஸ்9, எம்டி41, மரினிமானியே மூன்றுமே ஆம்ஃபிபாட் உடலில் கிடைத்தவை. உணவு கிடைக்கும்போது நிறையச் சாப்பிட்டு வேகமாகப் பெருகும் ரகம். ஆய்வகத்தின் சத்துக் கரைசலில் சுலபமாக வளர்வதும் இந்த ரகம்தான். ஆழ்கடலின் ஒவ்வொரு மில்லிலிட்டர் நீரிலும் பல்லாயிரக்கணக்கில் மிதக்கும் பாக்டீரியாக்களில் பெரும்பாலானவை அப்படிப்பட்டவை அல்ல. துளித்துளியாகக் கிடைக்கும் உணவில் மெதுவாக வாழும் அவற்றை வளர்ப்பது மிகக் கடினம். உதாரணமாக, மேல்கடலில் எங்கும் நிறைந்த எஸ்ஏஆர்11 என்ற பாக்டீரியாக் கூட்டத்துக்கு ஆழ்கடலிலும் ஒரு கிளை உண்டு. அதை வளர்த்துப் பார்க்காமல், கடல்நீரிலிருந்து ஒற்றைச் செல்லாகப் பிரித்து, அதன் டிஎன்ஏவைப் படித்துத்தான் மேல்மட்டக் கிளையோடு ஒப்பிட்டார்கள். சவ்வும் ரைபோசோமும் பற்றி மேலே சொன்னவற்றில் எவ்வளவு அந்த மெதுவான பெரும்பான்மைக்கும் பொருந்தும் என்பதைத்தான், அழுத்தம் தளராமல் நீரை மேலே கொண்டுவரும் கலன்களோடும் ஒற்றைச் செல் டிஎன்ஏவோடும் இப்போது தேடிக்கொண்டிருக்கிறார்கள்.